பீத்தோவன் வயலின் கான்செர்டோ: இரண்டு பதிவுகளுக்கிடையே ஆறு நிமிட வேறுபாடு ஏன்?

கோத்தகிரி வாசகர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊருக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்ட பங்களாவைக் காலி செய்தபோது விற்பனைக்கு வந்த பழைய இசைத்தட்டுகளில், பீத்தோவனின் டி மேஜர் வயலின் கான்செர்டோ (தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு), ஓபஸ் 61, இரண்டு வெவ்வேறு பதிவுகளாக எனக்குக் கிடைத்தது. ஒன்று, யாஷா ஹைஃபெட்ஸ் 1955-இல் சார்ல் மூன்ஷ் நடத்திய பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவுடன் வாசித்தது. மற்றது, ஆன்-சோஃபி மூட்டர் தமது 16-ஆம் வயதில், 1979-இல், காராயன் நடத்திய பெர்லின் பில்ஹார்மோனிக்குடன் வாசித்தது. இங்குள்ள ஈரக்காற்றில் உறைகள் பூஞ்சை பிடித்துப்போயிருந்தாலும் தட்டுகள் நல்ல நிலையில்தான் இருக்கின்றன.

இரண்டையும் கேட்ட பிறகு எனக்கு எழுந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளவே இதை எழுதுகிறேன். முதல் பகுதியை ஹைஃபெட்ஸ் 20 நிமிடத்தைச் சற்றே தாண்டி முடித்துவிடுகிறார்; மூட்டருக்கு அதே பகுதி 26 நிமிடத்துக்கும் மேல் ஆகிறது. எங்கள் பகுதியில் மின்னழுத்தம் ஏறி இறங்குவது வழக்கம் என்பதால் என் ரெக்கார்ட் பிளேயர்தான் ஒரு தட்டை வேகமாக ஓட்டுகிறதோ என்று முதலில் எண்ணினேன். ஆனால் வேகம் மட்டும் வேறுபடவில்லை. முதல் பகுதியின் முடிவுக்குச் சற்று முன்னால், இசைக்குழு முழுவதும் நிறுத்திக்கொள்ள வயலின் மட்டும் தனித்து நெடுநேரம் வாசிக்கும் இடத்தில், இருவரும் வாசிப்பது முற்றிலும் வேறு வேறு இசையாக இருக்கிறது.

கர்நாடக இசையில் ஒரே கீர்த்தனைக்குப் பல பாடாந்தரங்கள் இருப்பதும், ஒரு பாடகர் விளம்பத்தில் எடுப்பதை மற்றொருவர் மத்திமத்தில் எடுப்பதும் நாம் வியக்காமல் ஏற்றுக்கொள்பவை. ஆனால் மேற்கத்திய இசையில் ஒவ்வொரு ஸ்வரமும் தாளில் எழுதி அச்சிடப்பட்டிருக்கிறது என்றல்லவா சொல்லிக் கேட்டிருக்கிறோம்? அப்படியானால் இந்த இருவரில் யார் வாசிப்பது பீத்தோவன் எழுதியது? என் மகள் மேற்கத்திய முறையில் வயலின் பயின்று வருகிறாள். அவள் எந்தப் பதிவைக் கேட்டு மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

குன்னூர் ரசிகன் எழுதியது:

வணக்கம் ஐயா. உங்கள் கருவியின் மேல் பழி இல்லை என்பதை முதலில் சொல்லிவிடலாம். தட்டு வேகமாகச் சுற்றினால் காலம் மட்டும் குறையாது, சுருதியும் ஏறும். 26 நிமிட வாசிப்பு 20 நிமிடத்தில் முடிய வேண்டுமென்றால், சுருதி ஏறக்குறைய நாலரை அரைஸ்வரங்கள் மேலே போயிருக்க வேண்டும். அதாவது இரண்டு கட்டையில் இருக்க வேண்டிய டி மேஜர் உங்கள் காதில் நாலரைக் கட்டைக்கும் சற்று மேலே ஒலித்திருக்கும். அதை நீங்கள் முதல் நிமிடத்திலேயே உணர்ந்திருப்பீர்கள்.

வேறுபாடு முழுவதும் காலப்பிரமாணத்திலும் கடென்சாவிலும் இருக்கிறது. கடென்சா என்பது நீங்கள் குறிப்பிட்ட அந்தத் தனி வாசிப்பு. அதைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் காலப்பிரமாணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதல் பகுதியில் 535 தாளக்கட்டங்கள் உள்ளன. கட்டத்துக்கு நான்கு தட்டுகள் வீதம் மொத்தம் 2,140 தட்டுகள். ஹைஃபெட்ஸின் பதிவில் கடென்சாவைக் கழித்துப் பார்த்தால் நிமிடத்துக்குச் சராசரியாக 120 தட்டுகளை ஒட்டி வருகிறது. மூட்டரின் பதிவில் அது 95 அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஒரு தட்டுக்கு ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்குதான் வேறுபாடு. ஒரு தட்டில் அற்பமாகத் தோன்றும் அந்தச் சிறு இடைவெளி இரண்டாயிரம் முறை சேர்ந்து நாலரை நிமிடத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. மீதியைக் கடென்சா எடுத்துக்கொள்கிறது.

இதில் பீத்தோவன் என்ன சொல்லியிருக்கிறார் என்றால், மிகக் குறைவாகவே சொல்லியிருக்கிறார். இந்தக் கான்செர்டோ 1806 டிசம்பர் 23 அன்று வியன்னாவில் அரங்கேறியபோது, நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று காட்டும் மெட்ரோனோம் கருவியே கிடையாது. மெல்ட்செல் அந்தக் கருவிக்குக் காப்புரிமை பெற்றது 1815-இல். அதன் பிறகு 1817-இல் பீத்தோவன் தமது முதல் எட்டு சிம்பொனிகளுக்கும் தட்டு எண்ணிக்கையைக் குறித்து வெளியிட்டார். வயலின் கான்செர்டோவுக்கு அப்படி எதையும் விட்டுச் செல்லவில்லை. "அல்லெக்ரோ மா நோன் த்ரொப்போ", அதாவது விரைவாக, ஆயினும் அளவு மீறாமல் என்ற ஒரு வரிதான் நமக்குக் கிடைத்திருப்பது. ஹைஃபெட்ஸ் அந்த வரியின் முதற்பாதியை நம்புகிறார், காராயன் பிற்பாதியை நம்புகிறார் என்று கொள்ளலாம்.

என் தீர்ப்பைக் கேட்டால், நான் டிம்பனி முரசை வைத்துத்தான் தீர்மானிப்பேன். இந்தக் கான்செர்டோ வயலினில் தொடங்கவில்லை, குழல்களிலும் தொடங்கவில்லை. ஒற்றை டிம்பனி ஒரே ஸ்வரத்தில் மென்மையாக நான்கு முறை தட்ட, ஐந்தாவது தட்டின்மேல் ஓபோவும் கிளாரினெட்டும் பசூனும் பாட்டை எடுக்கின்றன. அந்த ஐந்து தட்டும் பகுதி முழுவதும் மறைந்தும் வெளிப்பட்டும் வந்துகொண்டே இருக்கிறது. பத்தாவது தாளக்கட்டத்தில் அதே தட்டை வயலின்கள் டி ஷார்ப்பில் வாசிக்கின்றன. டி மேஜர் என்பது நமது சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். அதில் யாரும் எதிர்பாராமல் சுத்த ரிஷபத்தை நான்கு முறை அழுத்தி வாசித்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கேட்பவர் திடுக்கிட வேண்டிய இடம் அது. ஹைஃபெட்ஸின் பதிவில் தட்டு தட்டாகவே இருப்பதால், இந்த அயல் ஸ்வரம் நடையைத் தடுக்கி விழச்செய்வதுபோல் வருகிறது. காராயனின் பதிவில் தட்டுகள் ஒன்றையொன்று தேடிப் போக வேண்டிய அளவுக்கு விலகிவிடுகின்றன. ஒலி எவ்வளவு அழகாக இருந்தாலும், நடை என்ற உணர்வு எனக்கு அங்கே நிற்கவில்லை.

கொடைக்கானல் வயலின் ஆசிரியை எழுதியது:

குன்னூர் அன்பரின் கணக்கு சரியானது. அவர் அதிலிருந்து எடுத்த முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. டி ஷார்ப் திடுக்கிட வைக்க வேண்டும் என்கிறார். அந்த ஸ்வரத்துக்கு விடை உடனே கிடைப்பதில்லை என்பதும் அதே அளவு முக்கியம் அல்லவா? இசை அதைச் சொல்லிவிட்டு, எதுவும் நடக்காததுபோல் மேலே செல்கிறது. மெதுவான காலத்தில்தான் அந்த விடையின்மை கேட்பவருக்குள் தங்குவதற்கு நேரம் கிடைக்கிறது. 16 வயதுப் பெண் ஒருவர் அந்த நீண்ட காலத்தைத் தளராத வில்லால் தாங்கிப் பிடித்திருப்பது, அதை முயன்று பார்த்த எவருக்கும் எளிய காரியமாகத் தோன்றாது. வில் எவ்வளவு மெதுவாக நகர்கிறதோ அவ்வளவுக்கு வலது கையின் சிறு நடுக்கமும் வெளியே கேட்கும்.

இனி கடென்சாவுக்கு வருகிறேன். கோத்தகிரி ஐயா கேட்ட கேள்வியின் உண்மையான விடை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். முதல் பகுதியின் 510-ஆம் தாளக்கட்டத்தில் இசைக்குழுவை நிறுத்தி வைத்துவிட்டு, பீத்தோவன் அந்த இடத்தை வாசிப்பவரின் மனோதர்மத்துக்கு விட்டுவிட்டார். அதுவே அந்தக் காலத்து வழக்கம். முதலில் வாசித்த ஃபிரான்ஸ் கிளெமென்ட் அன்று அங்கே என்ன வாசித்தார் என்பது நமக்கு வந்து சேரவில்லை. பிற்காலத்தில் வயலின் கலைஞர்கள் மேடையில் கற்பனையாக வாசிக்கும் பழக்கத்தைக் கைவிட்டு, முன்னோர் எழுதி வைத்த கடென்சாக்களை மனப்பாடமாக வாசிக்கத் தொடங்கினார்கள். உங்கள் இரண்டு தட்டுகளிலும் நீங்கள் கேட்பது இப்படிப்பட்ட இரண்டு மரபுகளை. மூட்டர் வாசிப்பது ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் எழுதியது. அதன் உச்சத்தில் பகுதியின் இரண்டு முக்கிய மெட்டுகளும் ஒரே வயலினில் ஒரே நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கும். அந்த இடத்தை மட்டும் தனியே எடுத்துத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். நான்கு தந்திகளுக்குள் இது எப்படி அடங்குகிறது என்ற வியப்பு எனக்கு இன்றுவரை குறையவில்லை. ஹைஃபெட்ஸ் வாசிப்பது, தம் குருவான லியோபோல்ட் அவர் (Auer) என்பவரும் யோசப் யோவாக்கிமும் எழுதியவற்றிலிருந்து தமக்கேற்ப அவர் அமைத்துக்கொண்டது.

இந்த யோவாக்கிம் இல்லாவிட்டால் நாம் இந்தக் கான்செர்டோவைப் பற்றி இப்படிப் பேசிக்கொண்டிருப்போமா என்பதே ஐயம். அரங்கேற்றத்துக்குப் பிறகு நெடுங்காலம் அதிகம் வாசிக்கப்படாமல் கிடந்த படைப்பு இது. 1844-இல் லண்டனில், மெண்டல்சோன் இசைக்குழுவை நடத்த, 12 வயதுச் சிறுவனாக யோவாக்கிம் இதை வாசித்த பிறகே இது உலக மேடைகளில் நிலைபெற்றது.

பீத்தோவன் தாமே எழுதிய கடென்சா ஒன்றும் உண்டு. ஆனால் அது வயலினுக்கு அல்ல. கிளெமெண்டி என்ற பதிப்பாளர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இதே கான்செர்டோவைப் பியானோவுக்கு மாற்றி எழுதியபோது, முதல் பகுதிக்கு ஒரு கடென்சாவையும் எழுதினார். அதில் பியானோவோடு டிம்பனியும் சேர்ந்து தட்டுகிறது. தனி வாசிப்பில் முரசு பங்குகொள்வது அந்தக் காலத்தில் யாரும் எதிர்பார்த்திராத துணிச்சல். அதை வயலினுக்கு மாற்றி, ஓய்கென் யோகும் நடத்திய பெர்லின் பில்ஹார்மோனிக்குடன் 1962-இல் வோல்ஃப்காங் ஷ்னைடர்ஹான் பதிவு செய்தார். குன்னூர் அன்பர் முரசை இவ்வளவு நேசிப்பதால், அவர் அந்தப் பதிவை அவசியம் கேட்க வேண்டும். இதற்கு மறுகோடியில் கிடோன் கிரேமர் இருக்கிறார். அவர் ஆல்ஃப்ரட் ஷ்னிட்கே எழுதிய கடென்சாவைப் பதிவு செய்தார். அதில் பிராம்ஸ், பெர்க், ஷோஸ்டகோவிச் ஆகியோரின் கான்செர்டோக்களிலிருந்தெல்லாம் துணுக்குகள் வந்து போகும். பலர் அதைக் கேட்டுச் சினந்தார்கள். நான் சினப்பதில்லை, இடம் வாசிப்பவருக்கு என்று விடப்பட்டிருக்கும்போது, தம் காலத்து மொழியில் பேச அவருக்கு உரிமை உண்டு.

உதகை மாணவன் எழுதியது:

மேலே இருவரும் பேசுவது பெரிய இசைக்குழு, மெத்தென்ற டிம்பனிக் கோல் ஆகியவற்றை வைத்துக்கொண்டு. பத்ரீசியா கொபச்சின்ஸ்கயா, ஃபிலிப் ஹெரவெகே நடத்திய ஷான்ஸ்-எலிசே இசைக்குழுவுடன் செய்த பதிவைக் கேட்டால் இந்த விவாதத்தின் தளமே மாறிவிடும் என்பது என் கருத்து. பழைய காலத்துக் கருவிகள், ஆட்டுக் குடலால் ஆன தந்திகள், கடினமான கோல்கள். முதல் தட்டே மரத்தில் தட்டியதுபோல் துல்லியமாக விழுகிறது. அசைவு (விப்ராட்டோ, அதாவது தந்தியில் விரலை நடுக்கி ஸ்வரத்தை அதிரச் செய்வது) கொடுப்பதும் எல்லா ஸ்வரத்துக்கும் இல்லை. தேவையான இடத்தில் மட்டும், ஓர் அலங்காரமாக வருகிறது. ஹைஃபெட்ஸும் மூட்டரும் காலத்தில் எவ்வளவு விலகினாலும், ஒவ்வொரு ஸ்வரத்தையும் இடைவிடாத அசைவோடு வாசிப்பதில் ஒரே பள்ளிதான். அவர்களை எதிரெதிர் துருவங்களாக வைப்பது சரியாகத் தோன்றவில்லை.

கோத்தகிரி வாசகர் எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா சொன்ன கிரைஸ்லர் கடென்சாவின் இரட்டை மெட்டை நேற்றிரவு தேடிக் கேட்டேன். இரண்டாவது மெட்டு கீழே ஓடிக்கொண்டிருப்பதை என் மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள். கடென்சா வேறுபடுவதன் காரணம் இப்போது புரிகிறது. ஆனாலும் கடென்சாவுக்கு வெளியே உள்ள ஸ்வரங்களாவது எல்லாருக்கும் பொதுவாக, ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டிருக்கின்றன அல்லவா? மேலும், பீத்தோவனுக்கு இன்னும் நெருங்கிய காலத்தில் வாழ்ந்த யோவாக்கிம் போன்றவர்கள் வாசித்த பதிவு கிடைத்தால், எது சரி என்ற கேள்வி ஓரளவேனும் தீர்ந்துவிடுமே.

குன்னூர் ரசிகன் எழுதியது:

யோவாக்கிம் 1903-இல், தமது 72-ஆம் வயதில், சில இசைத்தட்டுகளுக்கு வாசித்தார். பாக்கின் தனி வயலின் துண்டுகள், பிராம்ஸின் ஹங்கேரிய நடனங்கள், தாமே எழுதிய ரொமான்ஸ் ஒன்று, அவ்வளவுதான். எந்தக் கான்செர்டோவை உலகுக்கு மீட்டுக் கொடுத்தாரோ, அது அவருடைய வாசிப்பில் நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றைக் கேட்டால் உதகை மாணவர் சொல்வது உண்மை என்று தெரிகிறது: அசைவு மிகக் குறைவு. அதற்கு ஈடாக ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு விரலை இழுத்துச் செல்லும் ஜாரு தாராளமாக வருகிறது. இன்றைய மேற்கத்திய மாணவர் ஒருவர் அப்படி வாசித்தால் ஆசிரியர் திருத்திவிடுவார். நமக்கோ அது அந்நியமாகவே தோன்றாது.

பீத்தோவன் கான்செர்டோவின் பழைய பதிவு என்றால் நான் முதலில் சொல்வது கிரைஸ்லர் 1926-இல் லியோ பிளெக் நடத்திய பெர்லின் ஓபரா இசைக்குழுவுடன் வாசித்தது. மைக்கைக் கொண்டு பதிவு செய்யும் மின்முறை வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. தட்டின் ஒரு பக்கத்தில் நாலரை நிமிடத்துக்கு மேல் அடங்காது என்பதால், முதல் பகுதியையே பல துண்டுகளாக நிறுத்தி நிறுத்தி வாசிக்க வேண்டியிருந்தது. பழைய பதிவுகளைக் கேட்கும்போது ஒரு பக்கத்தின் முடிவில் காலம் சற்றே தளர்ந்தால், அது கலைஞரின் விருப்பமா தட்டின் கட்டாயமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஆசிரியை அம்மா பரிந்துரைத்த ஷ்னைடர்ஹான் பதிவை மீண்டும் கேட்டேன். கடென்சாவுக்குள் டிம்பனி நுழையும் இடத்தை முன்பு வெறும் புதுமை என்று கடந்துவிட்டிருந்தேன். பகுதியின் தொடக்கத்தோடு சேர்த்துக் கேட்கும்போது அது வேறு எங்கும் இருக்க முடியாது என்று தோன்றுகிறது.

கொடைக்கானல் வயலின் ஆசிரியை எழுதியது:

கடென்சாவுக்கு வெளியே ஸ்வரங்கள் ஐயத்துக்கு இடமின்றி இருக்கின்றனவா என்று ஐயா கேட்டதற்கு விடை: முழுமையாக இல்லை. பீத்தோவனின் கையெழுத்துப் படியில் தனி வயலினுக்குப் பல இடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட மாற்று வடிவங்களை அவர் எழுதி வைத்திருக்கிறார். 1808-இல் வியன்னாவில் அச்சானது அவற்றோடு எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை. ஆகவே பதிப்பாசிரியர்கள் இன்றும் இதில் கருத்து வேறுபடுகிறார்கள். என்றாலும் பெரும்பாலான பதிவுகள் அச்சு வடிவத்தையே பின்பற்றுகின்றன. உங்கள் இரு தட்டுகளின் வேறுபாட்டுக்கு இது காரணம் அல்ல.

உதகை மாணவருக்கு ஒரு சொல். குடல் தந்தியின் ஒலியை நானும் விரும்புகிறேன். ஆனால் ஆடி மாதத்து மூடுபனியில் கருங்காலி முறுக்காணிகளே ஊறி இறுகிப்போய்த் திரும்ப மறுக்கும் இந்த மலையில், அதைச் சுருதியில் நிறுத்தி வைப்பதற்குள் பாட நேரம் முடிந்துவிடும். மாணவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு பதிவை மட்டும் மனத்தில் பதிய வைத்துக்கொள்வதுதான் நான் வேண்டாம் என்பேன். எங்கள் மாணவர்களில் சிலர் கைப்பேசியில் ஒரே வாசிப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, அந்தக் கலைஞர் மூச்சுவிடும் இடத்தில் தாங்களும் மூச்சுவிடுகிறார்கள். ஏன் அங்கே என்று கேட்டால் பதில் வராது. அதனால் உங்கள் இரு தட்டுகளிலும் இரண்டு இடங்களை மட்டும் உங்கள் மகளை ஒப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். ஒன்று, பகுதியின் நடுவில் தனி வயலின் ஜி மைனரில் புதிதாக ஒரு பாடலை எடுக்கும் இடம். அங்கே அடியில் முரசின் அந்தப் பழைய தட்டையே கொம்புகள் தொடர்ந்து வாசிக்கின்றன. பெரும்பாலானவர்கள் அங்கே காலத்தை நன்றாகத் தளர்த்திவிடுகிறார்கள். தளர்த்தச் சொல்லிப் பீத்தோவன் எதுவும் எழுதவில்லை. ஹைஃபெட்ஸ் மற்றவர்களைப் போல அங்கே அதிகம் தளர்த்துவதில்லை. மற்றொன்று, கடென்சா முடிந்தவுடன் வரும் இடம். அதுவரை மற்றக் கருவிகள் தொடங்கிவைக்க வயலின் சுற்றிச் சுற்றி வந்த இரண்டாவது மெட்டை, கீழ் இரு தந்திகளில், வயலின் முதன்முறையாகத் தொடக்கத்திலிருந்து தானே பாடுகிறது. துணைக்கு மற்றத் தந்திக் கருவிகள் விரலால் மீட்டுவது மட்டும்தான். கடென்சாவில் எவ்வளவு ஆரவாரம் செய்தார்களோ, அதைப் பொறுத்து இந்த மெட்டின் எளிமை ஒவ்வொரு பதிவிலும் வேறு பொருள் கொள்கிறது.

கேட்டு முடித்த பிறகு, கையால் அந்த முரசுத் தட்டைப் போட்டுக்கொண்டே ஜி மைனர் பாடலை வாயால் பாடிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் காலத்தில் தட்டும் பாட்டும் அவருக்கு ஒன்றாக நிற்கிறதோ, அந்தக் காலத்திலிருந்து வயலினில் பழகத் தொடங்கட்டும். அது ஹைஃபெட்ஸின் காலமாகவோ மூட்டரின் காலமாகவோ இருக்க வேண்டியதில்லை.